வீட்டைப் பழுது பார்க்க யாரை நம்புவது?

மழை பெய்கிறது.

வெளியே அல்ல. வீட்டுக்கு உள்ளே!

கூடத்தில் ஓர் அண்டா. படுக்கை அறையில் ஒரு வாளி. அடுப்படியில் ஒரு குண்டான். சொட்டு விழும் இடத்துக்கெல்லாம் ஒரு பாத்திரம். இரவு முழுவதும் "டொக், டொக்" என்ற சத்தம். யாருக்குத் தூக்கம் வரும்?

சென்னையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் காட்சி அல்ல. ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் கூரையைப் பார்த்தபடியே படுத்திருப்பார்கள். மழை நின்றதும் மறந்து விடுவார்கள். சித்திரை வெயிலில் யாருக்கு ஒழுக்கு நினைவு வரும்?

ஆனால், நினைவு வரவேண்டிய காலம் அதுதான். மாடித் தளம் காய்ந்து கிடக்கும்போதுதான் அதைப் பழுது பார்க்க முடியும். புரட்டாசியில் ஓடிப் போய் ஆள் தேடினால், கிடைக்கிற ஆள்தான் கிடைப்பார். கேட்கிற பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான்.

திருவல்லிக்கேணியில் ஒரு வீடு

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு இருப்பதாக வைத்துக் கொள்வோம். தாத்தா காலத்து வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. வேலையிலிருந்து வந்த பணத்தில் மூன்றே கால் லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. வேறு சேமிப்பு இல்லை.

ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரப்போகிறாள். ஐப்பசியில் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொல்லி விட்டார். பச்சைக் குழந்தையை ஒழுகுகிற அறையில் படுக்க வைக்க முடியுமா?

"என்ன ஆனாலும் சரி, வீட்டைப் பழுது பார்த்து விட வேண்டும்" என்று கணவனும் மனைவியும் முடிவு செய்கிறார்கள்.

முடிவு செய்து விட்டார்கள். யாரிடம் கொடுப்பது? அங்கேதான் தலைவலி!

வந்தவர் மூவர்

முதலாவது மேஸ்திரி வருகிறார். அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். மாடிக்குப் போகவில்லை. "இது ஒரு வேலையா, சார்? மேலே சிமெண்டு பூசி, ஒழுகாத பெயிண்டு அடித்து விட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. உள்ளே பூச்சு, வெள்ளை எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து இருபதாயிரம். பாதிப் பணம் இன்றைக்குக் கொடுங்கள். நாளைக்கே ஆள் வரும்" என்கிறார்.

இரண்டாமவர் காண்டிராக்டர். காரில் வருகிறார். செல்போனில் படங்கள் காட்டுகிறார். எல்லாம் பளபளக்கும் வீடுகள். "மூன்று லட்சத்து அறுபதாயிரம். நாங்கள் செய்தால் நீங்கள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்கிறார். எதற்கு எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் பேக்கேஜ், சார்" என்று சிரிக்கிறார்.

மூன்றாமவர் வயதானவர். வந்ததும் தொகை சொல்லவில்லை. "மாடிக்குப் போகலாமா, அம்மா?" என்று கேட்கிறார். மாடியில் ஒரு கம்பியால் தளத்தை அங்கங்கே தட்டிப் பார்க்கிறார். சில இடங்களில் "டண்" என்கிறது. சில இடங்களில் "டொப்" என்கிறது. மழைநீர்க் குழாயின் வாயில் கையை விட்டு ஒரு பிடி குப்பையை எடுத்துப் போடுகிறார். கீழே வந்து, உத்தரக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆணியால் குத்திப் பார்க்கிறார். "எந்த மூலையில் முதலில் ஒழுகியது? மழை பெய்யும்போதே ஒழுகுமா, நின்ற பிறகும் ஒழுகுமா?" என்று வீட்டு அம்மாளிடம் கேட்கிறார்.

"இரண்டு நாள் கழித்து எழுதிக் கொண்டு வருகிறேன்" என்று போய் விடுகிறார்.

கணவருக்கு முதல் மேஸ்திரிதான் பிடிக்கிறது. தொகை குறைவு. நாளைக்கே ஆள்!

மனைவி கேட்கிறார்: "மாடிக்கே போகாதவருக்கு மாடியில் என்ன கோளாறு என்று எப்படித் தெரிந்தது?"

நல்ல கேள்வி. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பணத்தை இழந்தவர்கள் சென்னையில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

கூரைக்குள் என்ன இருக்கிறது?

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளில் உள்ள பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது "மெட்ராஸ் டெரஸ்" என்ற கூரை. மர உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கமாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அதைத் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவது வழக்கம். கடைசியில் மேலே தட்டோடு பதிப்பார்கள்.

இந்தக் கூரையில் இரும்புக் கம்பி இல்லை. சிமெண்டும் இல்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும். வெயில் வந்ததும் வெளியே விடும். அதனால்தான் நூறு வருஷம் தாங்கியது.

அதன் தலையில் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகும்? சிமெண்டு கெட்டி. சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசையும். சிமெண்டு அதனுடன் சேர்ந்து அசையாது, விரிசல் விடும். விரிசல் வழியாக நீர் இறங்கும். இறங்கிய நீர் மறுபடி மேலே போக வழி இல்லை. உள்ளேயே தங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அது மெல்ல மெல்ல உளுத்துப் போகும். ஒழுக்கு நின்றது போல் இருக்கும். ஒரு நாள் கூரையே இறங்கும்.

ஆகவே, தொகையைக் கேட்கும் முன்பு "என்ன கோளாறு? ஏன் வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பழுது பார்க்கவும் தெரியும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கோளாறு வேறு. அங்கே கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. கடற்காற்றில் உப்பு உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பால்கனியின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுவது இதனால்தான். பெயர்ந்த இடத்தைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் மருந்து பூசி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி கட்டி, பிறகுதான் மூட வேண்டும். "மேலாகப் பூசி விடுகிறேன்" என்பவர், புண்ணின் மேல் பவுடர் போடுகிறவர். தூணையோ உத்தரத்தையோ உடைத்து அறையைப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது சொன்னால், என்ஜினீயர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் சரி என்று சொல்லாதீர்கள். அது உங்கள் வீட்டுத் தூண் மட்டும் அல்ல. மேல் வீட்டுக்காரருக்கும் அதுதான் தூண்.

பழைய வேலையைப் பாருங்கள்

காண்டிராக்டர்கள் காட்டும் படங்களை நம்பலாமா?

புது வேலை எல்லாம் அழகாகத்தான் இருக்கும். புதுப்பெண் மாதிரி! இரண்டு மழை பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். போகும்போது அம்மாளையும் கூட்டிக் கொண்டு போங்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஆண்களிடம் சொல்லாததை எல்லாம் இவரிடம் சொல்வார்கள். குளியல் அறைத் தண்ணீர் சரிவாக ஓடுகிறதா, தேங்குகிறதா? கதவு மழைக்காலத்தில் சாத்துகிறதா? ஒரு குறை வந்து கூப்பிட்டபோது மேஸ்திரி வந்தாரா, இல்லையா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

அதே மேஸ்திரி இப்போது வேலை செய்யும் இடத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். சிமெண்டு மூட்டை பலகையின் மேல் இருக்கிறதா, ஈரத் தரையில் கிடக்கிறதா? சாரத்தில் ஏறியவர் விழாமல் இருக்க ஏதாவது ஏற்பாடு உண்டா? சித்தாளுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? தன் ஆட்களையே கவனிக்காதவர் உங்கள் சுவரைக் கவனிப்பாரா?

கட்டடத் தொழிலாளர்களுக்கு என்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்தவர்களுக்கு அட்டை உண்டு. விபத்து என்றால் குடும்பத்துக்கு உதவி கிடைக்க வழி உண்டு. "உங்கள் ஆட்களிடம் அட்டை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மேஸ்திரி கோபித்துக் கொள்ள மாட்டார்.

நாலு தாள்

மூன்றாம் நாள் மூத்த மேஸ்திரி வருகிறார். கையில் நாலு தாள். மொத்தம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.

மாடியில் எத்தனை சதுர அடி தட்டோடு பெயர்க்க வேண்டும். எத்தனை அடி சுண்ணாம்புத் தளம் புதிதாகப் போட வேண்டும். உத்தரக் கட்டை இரண்டு மாற்ற வேண்டும். உள் பூச்சு எவ்வளவு. எந்தக் கம்பெனி வண்ணம், எத்தனை கை அடிப்பது. இடித்த குப்பையை அள்ளுவது யார் செலவு - எல்லாம் தனித்தனியாக எழுதி இருக்கிறது. முதல் மேஸ்திரி சொன்ன இரண்டு லட்சத்து இருபதாயிரத்தில் உத்தரமும் இல்லை, குப்பையும் இல்லை! வேலை நடுவில் "அது வேறே, சார்" என்று அவை வந்திருக்கும். பாதி இடித்த வீட்டில் உட்கார்ந்து கொண்டு யார் மறுக்க முடியும்?

அளவில் ஒரு சங்கதி இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பது இல்லை. அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்றால், நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. அதில் 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்று. 4 அடிக்கு 4 அடி சன்னல் ஒன்று. இரண்டும் 37 சதுர அடி. கதவு, சன்னலில் பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை. ஆனாலும் அவற்றைக் கழிக்காமல் 440 அடிக்கும் கூலி வாங்குகிறவர்கள் உண்டு. "விளிம்பு கட்டுவது கூடுதல் வேலை, அதற்கு இது சரி" என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கலாம். கழிப்பதா, இல்லையா என்பது முதல் நாளே தாளில் இருக்க வேண்டும். கடைசி நாள் நாடாவைப் பிடித்துக் கொண்டு சண்டை போடுவதில் பயன் இல்லை.

கூலி மட்டும் பேசிப் பொருளை நீங்களே வாங்குவதானால், கண் திறந்து இருக்க வேண்டும். மணல் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரிப் பெட்டியின் நீள, அகல, உயரத்தை அளந்து பெருக்கிப் பாருங்கள். சிமெண்டு மூட்டை 50 கிலோ. அது தயாரான வாரமும் வருஷமும் மூட்டையிலேயே அச்சாகி இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டை வேண்டாம். ஒரு மூட்டை சிமெண்டு ஒன்றே கால் கன அடி. அதே அளவில் ஒரு மரப்பெட்டி செய்து மணலை அளக்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டியில் "சுமாராக" அள்ளிப் போட்டால் ஒன்றுக்கு நாலு என்ற கலவை ஒன்றுக்கு ஏழு ஆகி விடும். 8 மில்லி மீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 4.7 கிலோ இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டு விடும்.

சிமெண்டு பூசிய இடத்துக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றுவது யார்? இதையும் எழுதிக் கொள்ளுங்கள். "நீங்கள் ஊற்றுவீர்கள் என்று நினைத்தேன்" என்று இருவரும் சொல்லி, பூச்சு பொரிந்து போன வீடுகள் எத்தனையோ!

வரி விஷயத்திலும் ஏமாற்று நடக்கிறது. வீட்டு வேலைக் காண்டிராக்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆனால், வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு உள்ள சிறு மேஸ்திரி இதற்குப் பதிய வேண்டியது இல்லை. பதியாதவர் வரி கேட்கக் கூடாது. கேட்டால், பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் 15 எழுத்துகளும் எண்களும் இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவானால் 33 என்று தொடங்கும். படித்த பிள்ளை யாரிடமாவது கொடுத்தால் அரசாங்கத்தின் இணையதளத்தில் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லி விடும்.

பணம் முன்னால் ஓடினால்...

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் முன்பணம்.

முதல் மேஸ்திரி பாதிப் பணம் கேட்டார். கொடுத்திருந்தால்? மறுநாள் நாலு ஆள் வந்து "தடதட" என்று இடித்திருப்பார்கள். மூன்றாம் நாள் ஒருவர் வருவார். அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். மேஸ்திரி அந்தப் பணத்தில் வேறு வீட்டு வேலையை முடித்துக் கொண்டிருப்பார். போன் செய்தால், "ஆள் ஊருக்குப் போயிருக்கிறான்" என்பார். பிறகு போனே எடுக்க மாட்டார்.

அவர் திருடர் என்று சொல்வதற்கில்லை. ஒரு வீட்டுப் பணத்தில் இன்னொரு வீட்டைக் கட்டிச் சிக்கிக் கொண்டவர்தான் பலர். ஆனால், திறந்து கிடப்பது உங்கள் கூரை அல்லவா?

மூத்த மேஸ்திரியின் கணக்கு இது: வேலை தொடங்க 30 ஆயிரம். மாடித் தளம் பெயர்த்து உத்தரம் மாற்றியதும் 90 ஆயிரம். தளம் போட்டுத் தட்டோடு பதித்ததும் 90 ஆயிரம். பூச்சும் வண்ணமும் முடிந்ததும் 70 ஆயிரம். மிச்சம் 30 ஆயிரம்?

"அதை ஒரு மழை பார்த்த பிறகு கொடுங்கள்" என்கிறார்.

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். அந்த இடத்திலேயே வேலை முடிவாகி விடுகிறது.

சென்னையில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைதான் சம்பளம். சனிக்கிழமை மாலை மேஸ்திரி தலையைச் சொறிந்து கொண்டு நிற்பார். "ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும், சார்" என்பார். அது பொய் அல்ல. அந்த வாரம் நடந்த வேலைக்கு அளவாகக் கொடுங்கள். கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள். வங்கி வழியாகவோ செல்போன் வழியாகவோ அனுப்பினால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரர்களிடமும் குற்றம் உண்டு. பூச்சு முடிந்த பிறகு, "இங்கே ஒரு அலமாரி இருந்தால் நன்றாக இருக்குமே" என்பார்கள். உடைத்துக் கட்ட வேண்டும். ஆனால் கூலி கொடுக்க மாட்டார்கள்! வேலை நன்றாக முடிந்த பிறகும் கடைசித் தவணைக்கு மேஸ்திரியை ஆறு மாதம் அலைய விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களால்தான் மேஸ்திரிகள் முன்பணத்தை அதிகமாகக் கேட்கிறார்கள். திட்டம் மாறினால் அதற்கு என்ன கூலி என்று அன்றைக்கே எழுதி விட்டால் இரு பக்கமும் மனக்கசப்பு இல்லை.

ஏமாந்து விட்டால்?

இவ்வளவு பார்த்தும் ஏமாந்து விட்டால் என்ன செய்வது?

அழ வேண்டாம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோருக்குச் செய்யும் சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-ம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. அரைகுறையாக விட்டுப் போனாலும், மட்டமாகச் செய்தாலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

ஆனால், ஆணையத்தில் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "என்ன எழுதிக் கொண்டீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பதுதான். நாலு தாளும், கையெழுத்து வாங்கிய நோட்டும், இடிக்கும் முன்பும் பின்பும் எடுத்த படங்களும் இருந்தால் பதில் சொல்லலாம். "வாய் வார்த்தைதான், ஐயா" என்றால் என்ன செய்ய முடியும்?

ஐப்பசி மழை

திருவல்லிக்கேணி வீட்டுக்கு வருவோம்.

வைகாசியில் தொடங்கிய வேலை. ஒரு மாதம் என்று சொன்னது; ஒன்றரை மாதம் ஆகி விட்டது. நடுவில் ஒரு வாரம், ஊர்த் திருவிழா என்று ஆட்கள் வரவில்லை. மூன்றாவது உத்தரம் ஒன்றும் உளுத்திருந்தது. பெயர்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு எட்டாயிரம் ரூபாய் கூடுதல். உளுத்த கட்டையைக் காட்டி, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேஸ்திரி மாற்றினார். தளம் போட்டுக் காய்ந்ததும், குழாய் வாயை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மூலையில் ஈரம் கசிந்தது. அந்த மூலையை மறுபடி பெயர்த்துப் போட்டார். அதற்குக் கூலி கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக் கொள்கிறது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை, குடையை மடக்கி வாசலில் வைத்து விட்டு, மூத்த மேஸ்திரி உள்ளே வருகிறார்.

"குழந்தை தூங்குகிறதா, அம்மா?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

தொட்டில் ஆடிக் கொண்டிருக்கிறது. மேஸ்திரி செருப்பைக் கழற்றி விட்டு அறைக்குள் போய், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்கிறார். தொட்டிலுக்கு நேர் மேலே உள்ள இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே நிற்கிறார். பிறகு வெளியே வருகிறார்.

வீட்டுக்காரர் 30 ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார். மேஸ்திரி நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

"மாடிக் குழாயில் இலை அடைக்காமல் மாதம் ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள், சார்" என்று சொல்லி விட்டுக் குடையை விரிக்கிறார்.